முதல் அறுபது அடி

டிராக் ரேஸ் ஓடுபாதைக்குத் தன் காரை முதன்முதலாகக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கார்ல என்னண்ணா மாத்தணும்?" ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்பேன். முகம் வாடிவிடும். புது எக்ஸாஸ்ட், புது ஏர் ஃபில்டர், கம்ப்யூட்டர் ட்யூன் என்று மனதுக்குள் ஒரு பட்டியலே போட்டு வைத்திருப்பார்கள். காலையில் ஆபீசுக்கு ஓட்டிப்போன காரை அதே டயரோடு சாயங்காலம் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கார் இன்றைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாவிட்டால், நாளைக்கு மாற்றியதில் பலன் இருந்ததா என்று சொல்ல வழியில்லை. அதோடு, முதல் மாலையில் நேரம் வீணாவது எஞ்சினில் இல்லை, ஓட்டுகிறவரின் இரண்டு பாதங்களில்.

நான் போகும் இடம் சொனோமா ரேஸ்வே. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு வடக்கே, 37ஆம் நெடுஞ்சாலையும் 121ஆம் நெடுஞ்சாலையும் சேருமிடத்தில், சதுப்பு நிலத்தை ஒட்டிய புல்மேடுகளுக்கு நடுவே இருக்கிறது. 1968இல் திறந்த இடம். சீசனில் புதன்கிழமை மாலைகளில் யார் வேண்டுமானாலும் தங்கள் காரைக் கொண்டுவந்து கால் மைல் ஓட்டிப் பார்க்கலாம். கால் மைல் என்றால் 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் ஆபீஸ் நெரிசலில் ஊர்ந்து அங்கே போய்ச் சேர்வதே ஒரு வேலை. ஃப்ரீமான்டிலேயே 1959 முதல் 1988 வரை ஒரு டிராக் ஓடுபாதை இருந்தது என்பது அந்த ஊரில் பல வருடங்களாகக் குடியிருக்கிற நம்மவர்கள் பலருக்குத் தெரியாது.

அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும், ராத்திரி காலியாகக் கிடக்கும் சாலை போதாதா என்று கேட்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. தெருவில் பந்தயம் விட்டால் எதிரே வருகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கும் பந்தயத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தின் 23109ஆம் பிரிவு அதற்கு 90 நாள் வரை சிறை என்கிறது. காரை 30 நாள் பிடித்து வைக்கவும் போலீசுக்கு அதிகாரம் உண்டு. விசாவில் இருக்கிறவருக்கு இது எங்கே போய் முடியும் என்று நான் விளக்கத் தேவையில்லை. டிராக் ஓடுபாதைகள் பிறந்ததே இந்தக் கவலையில்தான். 1950இல் தெற்குக் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில், விமான ஓடுதளத்தில், காசு வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே ஹாட் ராட் பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், பையன்களைத் தெருவிலிருந்து ஓடுபாதைக்கு அழைத்துவர என்.எச்.ஆர்.ஏ. சங்கத்தைத் தொடங்கினார். நம் சோழவரத்துக் கதையும் இப்படித்தான்; இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல காலம் பந்தயம் நடத்தியது.

சென்ற சீசனில் என்னோடு வந்தவர் ஈரோட்டுக்காரத் தம்பி. ஹோண்டா சிவிக் எஸ்ஐ வைத்திருக்கிறார்: 1.5 லிட்டர் டர்போ, 205 குதிரைத்திறன், ஆறு கியர், கையால் போடும் கியர்தான். முன்சக்கரம் இழுக்கும் வண்டி. டிராக் ரேசுக்கு அது கொஞ்சம் பாதகம். கார் பாய்ந்து கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. இழுக்க வேண்டிய முன்சக்கரங்களுக்குப் பிடி குறைகிறது. ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வண்டி கிடையாது என்பது என் எண்ணம். கால் எங்கே பிசகினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். டிக்கியைக் காலி செய்ய வேண்டும். குழந்தை சீட், தண்ணீர் பாட்டில், ஓட்டுகிறவர் பக்கத்துத் தரைவிரிப்பு எல்லாம் இறங்க வேண்டும். பிரேக் மிதிக்கடியில் ஒரு பாட்டில் உருண்டு வந்தால் போதும். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில் பார்க்க வேண்டும். முழுக்கால் பேன்ட்டும் மூடிய ஷூவும் கட்டாயம். என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி 13.99 விநாடியோ அதற்குக் குறைவாகவோ ஓடுகிற காருக்கு ஹெல்மெட் வேண்டும். தம்பியின் கார் அவ்வளவு வேகமாக ஓடாது. ஆனாலும் போடச் சொன்னேன். இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: நம் சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பந்தயத் தடத்தில் ஆகும் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தராது. பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு வாருங்கள்.

உள்ளே போனதும் பரிசோதகர் பானெட்டைத் திறக்கச் சொல்வார். பேட்டரி அசைகிறதா, ஏதாவது ஒழுகுகிறதா, டயரில் கம்பி தெரிகிறதா, சீட் பெல்ட் சரியா என்று பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள் இதைச் சடங்காக நினைக்கிறார்கள். ஒரே ஒரு கார் பாதையில் கூலன்ட்டைக் கொட்டிவிட்டால், அடுத்து வருகிறவர் நூறு மைல் வேகத்தில் அதன்மேல் சறுக்குவார். அதனால்தான் ஏ.சி.யையும் வரிசையில் நிற்கும்போதே அணைக்கச் சொல்கிறார்கள். அது சொட்டும் தண்ணீரும் தண்ணீர்தானே.

ஓடுபாதையின் தலைமாட்டில் தண்ணீர் தெளித்த ஓர் இடம் இருக்கும். வழவழப்பான பந்தய டயர்காரர்கள் அதில் டயரை நனைத்துச் சுழற்றி, புகை கிளப்பிச் சூடேற்றுவார்கள். தம்பிக்கு அதைப் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. "நாமளும் பண்ணலாங்களாண்ணா?" வேண்டாம், சுற்றிக்கொண்டு போங்கள் என்றேன். தெரு டயரில் காடி இருக்கிறது. அதில் தண்ணீர் தேங்கி, கோட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சொட்டும். நமக்கும் வழுக்கும், பின்னால் வருகிறவருக்கும் வழுக்கும். உலர்ந்த இடத்தில் ஒரு நொடி சக்கரத்தைச் சுழற்றி, ஒட்டிய மண்ணை உதறினால் போதும்.

இனி கோடு. கிறிஸ்துமஸ் மரம் என்று எல்லாரும் சொல்லும் விளக்குக் கம்பம் 1963இல் வந்தது. அதற்கு முன் ஒரு மனிதர் கொடி காட்டுவார். கம்பத்தின் உச்சியில் சின்ன விளக்குகள் இரண்டு ஜோடி. பாதைக்குக் குறுக்கே இரண்டு ஒளிக்கற்றைகள் ஏழு அங்குல இடைவெளியில் போகின்றன. முன்சக்கரம் முதல் கற்றையை மறைத்தால் மேல் விளக்கு எரியும். அங்கே நின்று, பக்கத்துப் பாதைக்காரரும் அந்த இடத்துக்கு வரக் காத்திருப்பது மரியாதை. பிறகு கார் நகர்வதே தெரியாதபடி ஊர்ந்து இரண்டாவது விளக்கை எரியவைத்து, அந்தக் கணமே நிற்க வேண்டும். இன்னும் ஓர் அங்குலம் போனாலும் கணக்கு மாறும். கடிகாரம் ஓடத் தொடங்குவது உங்கள் டயர் அந்த இரண்டாவது கற்றையை விட்டு விலகும்போது. கற்றையைத் தொட்ட உடனேயே நின்றால், விலகும்வரை சக்கரம் உருள இடம் கிடைக்கிறது. கடிகாரம் விழித்துக்கொள்வதற்குள் கார் வேகம் எடுத்திருக்கும்.

இருவரும் நின்றதும் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடிக்கு ஒன்றாகக் கீழிறங்கும். அடுத்த அரை விநாடியில் பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம்தான். மூன்றாவது மஞ்சளிலேயே கிளட்ச்சை விடப் பழக வேண்டும். ஆனால் முதல் நாளில் இதைப்பற்றிக் கவலையே வேண்டாம் என்பேன். பச்சை விழுந்த பின் நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் அது ரியாக்‌ஷன் டைமில்தான் ஏறும். கால் மைலைக் கடக்க எடுத்த நேரத்தில் ஏறாது. அந்த நேரத்தைத்தான் ஈ.டி. என்கிறோம். தம்பி இதை நம்பவில்லை. சீட்டு கையில் வந்ததும் நம்பினார்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடி முடித்துத் திரும்பும் வழியில் ஒரு சின்னக் கூண்டில் கொடுக்கிறார்கள், கடை ரசீது அளவுதான் இருக்கும். கோட்டிலிருந்து 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி, 1,320 அடி என ஒவ்வோர் இடத்தையும் எத்தனை விநாடியில் கடந்தோம் என்று வரிசையாக இருக்கும். கடைசி 66 அடியில் என்ன வேகம் என்றும் இருக்கும். தம்பியின் முதல் சீட்டில் 60 அடிக்கு 2.43 விநாடி, முடிவில் 15.52 விநாடி, 92 மைல் வேகம். 3,500 சுற்றில் எஞ்சினை அலறவிட்டு கிளட்ச்சைப் பட்டென்று விட்டிருந்தார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. டயர் துள்ளி டேஷ்போர்டு முழுக்க அதிர்ந்தது. அவருக்கு அதெல்லாம் வேகம் மாதிரி தெரிந்திருக்கிறது.

அடுத்த ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம் சொன்னேன். எஞ்சின் 2,200 சுற்றில் இருக்கட்டும். கிளட்ச்சை முழுசாக விடாமல், பிடிக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, கார் நகர்ந்த பிறகு மீதியை விடுங்கள். டயர் காற்றைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். டர்போ வண்டிக்கு அந்தக் காத்திருப்பு அவசியம். சூடான காற்றை உள்ளே இழுத்தால் பலம் குறையும்.

இரண்டாவது சீட்டு: 60 அடிக்கு 2.24. முடிவில் 15.21. வேகம் அதே 92 மைல். இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்துவிட்டால் இந்தக் கலையில் பாதி கைவந்துவிட்டது. கடைசி வேகம் எஞ்சினின் பலத்தையும் காரின் எடையையும் சொல்கிறது. அது மாறவில்லை, ஆக எஞ்சின் கூடுதலாக எதையும் தரவில்லை. முதல் 60 அடியில் மிச்சமான விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு, முடிவுக்கோட்டில் பத்தில் மூன்று பங்காக வளர்ந்து நிற்கிறது. தொடக்கத்தில் பெற்ற வேகத்தைக் கார் கடைசிவரை சுமந்துகொண்டு போகிறது. எக்ஸாஸ்ட் கடையில் ஆயிரம் டாலர் கொடுத்தாலும் இந்த 0.31 விநாடி சுலபத்தில் கிடைக்காது.

பக்கத்துப் பாதையில் ஒரு டெஸ்லா வந்தது. சத்தமே இல்லாமல் கிளம்பி, தம்பி மூன்றாவது கியர் போடும் முன்பே தூரத்துச் சிவப்பு விளக்காகிவிட்டது. எலக்ட்ரிக் கார்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசையும் தருகிற அந்த எந்திரம் வியப்பானது. ஆனால் அதில் முதல் ஓட்டத்துக்கும் பிந்தைய ஓட்டத்துக்கும் வித்தியாசம் வருவது பேட்டரியின் சூட்டாலும் சார்ஜாலும்தான். ஓட்டுகிறவர் கால் கற்றுக்கொள்ள அதில் இடம் குறைவு. நான் கிளட்ச் மிதியின் பக்கம்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் சிலர் உற்சாகத்தில் பிரேக்கை அழுத்தி மிதிக்கிறார்கள். அது கூடாது. காலை எடுத்துவிட்டு மெதுவாகக் குறைக்க வேண்டும், அந்தத் தூரம் அதற்காகவே விடப்பட்டிருக்கிறது. அடுத்த பாதைக்காரர் எங்கே இருக்கிறார் என்று கண்ணால் பார்க்காமல் அவர் முன்னால் திரும்பவே கூடாது. வெளியேறும் வழியை ஒட்டிய பாதையில் வந்தவர் முதலில் திரும்பட்டும்.

தம்பி இப்போது பிராக்கெட் ரேசுக்கு ஆசைப்படுகிறார். எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். அதில் ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று முன்கூட்டியே கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான காருக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னதாகப் பச்சை விழும். ஆகவே 15 விநாடி சிவிக், 11 விநாடி காரை நேர்மையாக ஜெயிக்கலாம். ஆனால் எழுதியதைவிடச் சீக்கிரம் ஓடினால் தோல்வி. இங்கேதான் காற்று உள்ளே வருகிறது. டென்வர் பக்கத்தில் 2023 வரை நடந்த பண்டிமேர் ஓடுபாதை ஏறக்குறைய 5,800 அடி உயரத்தில் இருந்தது. அங்கே மெல்லிய காற்றில் டர்போ இல்லாத கார்கள் திணறும். சொனோமா கடல்மட்டத்தை ஒட்டியது, அதிலும் பொழுது சாய்ந்ததும் வளைகுடாவிலிருந்து குளிர்காற்று ஏறும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எஞ்சின் கூடுதலாக மூச்சிழுக்கும். மாலை ஐந்து மணிக்கு 15.21 ஓடிய கார் இரவு எட்டு மணிக்கு 15.10க்கு இறங்கக்கூடும். அதனால் அவரிடம் சொல்லியிருக்கிறேன்: ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் அப்போதைய வெப்பநிலையையும் மணியையும் டயர் காற்றையும் எழுதி வையுங்கள், போட்டியன்று கண்ணாடியில் எந்த எண்ணை எழுதுவது என்பதை அந்தச் சீட்டுகளைப் பார்த்து முடிவு செய்யலாம்.