வசம்பு பூச்சிக்கு, ஈரத்துக்கு?

தாத்தாவின் புத்தக அலமாரியைத் திறந்தால் முதலில் வருவது வசம்பு வாசம்தான். தட்டுக்கு ஒரு துணி முடிச்சு. உள்ளே இடித்த வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, கொஞ்சம் மிளகு. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைப்பதும் ஏறக்குறைய இதே கூட்டுதான், பட்டையும் கற்பூரமும் சேர்த்து. நம் வீட்டுக்கு இது எப்படி வந்தது என்றால் அம்மா, "தாத்தா வைப்பாரு, நானும் வைக்கிறேன்" என்பார்.

பாட்டி வைத்தியம் என்று சிரித்துவிட முடியாது. வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் பல பூச்சிகளின் இனப்பெருக்கத்தையே கெடுக்கும். அலமாரியில் இராமபாணப் பூச்சி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆனால் போன வருஷ மழையில், முடிச்சுகள் எல்லாம் புதுசாக இருக்கும்போதே, கீழ்த்தட்டில் பதினோரு புத்தகங்களில் பூஞ்சணம். அலமாரி நிற்பது குளியலறைச் சுவரை ஒட்டி. ஈரமானி வைத்துப் பார்த்தேன்: 84 சதவீதம். 65-ஐத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். நம் ஊர்க் காற்றே பெரும்பாலும் 80-ஐ ஒட்டித்தான் இருக்கிறது.

பெரியம்மா பச்சை வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைக்கச் சொன்னார். பச்சையிலை தன் ஈரத்தையும் கறையையும் சேர்த்தே கொண்டுவரும். காய்ந்ததென்றால் பரவாயில்லை. எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கும் இதே கதை. ஓலைச்சுவடிக்குத் தடவினால் ஓலை வளைந்துகொடுக்கும், பூச்சியும் அண்டாது. காகிதம் ஓலை இல்லையே! எண்ணெய்க் கறைதான் மிஞ்சும்.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம் என்றேன். அம்மாவுக்குக் கோபம்.

"அப்ப வசம்பு வேணாங்கிறியா?"

"வேணும்மா. அது பூச்சிக்கு. இது ஈரத்துக்கு."

தள்ளினோம். பின்னால் சுவர் நனைந்து கறுத்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, துணி எடுத்துவரப் போனார்.

இவை திரும்ப வாங்கக்கூடிய புத்தகங்கள் இல்லை. 1960-களில் இங்கேயே அச்சாகி, மறுபதிப்பே காணாதவை. வராந்தா நிழலில் நன்றாக உலர வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டி எடுத்தோம். ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் தாத்தா பென்சிலால் பால்மரக் கணக்கு எழுதியிருந்தார். அதற்குக் கீழே கதையைப் பற்றி ஏதோ குறிப்பு. கணக்கு தப்பித்துவிட்டது. குறிப்பில் மூன்று வரி போய்விட்டது. என்ன எழுதியிருந்தார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை.