வாசற்படி தாண்டினால் பயணமா?

போக்குவரத்துப் பொறியியலைச் சாலை போடும் படிப்பு என்று எண்ணி முதுகலைக்கு வரும் மாணவர் முதல் பருவத்திலேயே திகைத்துப்போவார். புள்ளியியல், நிரலாக்கம், புவித்தகவல் முறைமை, தேர்வு நடத்தைக் கோட்பாடு என்று பாடங்கள் நீளும். தாரும் ஜல்லியும் அவற்றில் ஒரு பங்கே. சான் பிரான்சிஸ்கோவில் புதிய ரயில் ஓடத் தொடங்கினால் எத்தனை பேர் அதில் ஏறுவர் என்று கணித்த டேனியல் மெக்ஃபேடன், தனிமனிதத் தேர்வுகளை ஆராயும் முறைகளை வகுத்தமைக்காக 2000இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்.

மனிதரை அறியாமல் சாலையை அறிய முடியாது என்பதற்குத் திருமலையே சான்று. விசுவேசுவரய்யாவின் திட்டத்தில் அமைந்த முதல் மலைப்பாதை 1944இலும் இரண்டாவது 1974இலும் திறக்கப்பட்டன. ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று பிரித்த பின்னும் வேகம் அடங்கவில்லை. ஆகவே ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் என்று குறைந்தபட்ச நேரம் விதிக்கப்பட்டது. முந்திச் சென்று பயனில்லை என்று தெரிந்தால் ஓட்டுநரின் அவசரம் தணியும். வளைவின் ஆரத்தைக் கணக்கிடுவது ஒரு திறன். அந்த அவசரத்தைக் கணக்கிடுவது வேறொரு திறன்.

மூன்றாவது திறன் ஒன்று உண்டு. பாடத்திட்டங்களில் அதற்கு இடம் அரிது. அது கேள்வி கேட்கும் மொழி.

நகரப் போக்குவரத்துத் திட்டங்கள் பெரும்பாலும் வீட்டுவாரிக் கணக்கெடுப்பிலிருந்தே தொடங்குகின்றன. சித்தூரில் ஒரு வீட்டு வாசலில், ஆங்கிலப் படிவத்தின் தமிழாக்கத்தை ஏந்தி ஒரு மாணவர் நிற்பதாகக் கொள்வோம். “நேற்று எத்தனை பயணங்கள் மேற்கொண்டீர்கள்?” என்று கேட்கிறார். “எங்கேயும் போகலையேப்பா” என்கிறார் அந்த வீட்டு அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. பயணம் என்றால் பெட்டி கட்ட வேண்டும், வெளியூர் போக வேண்டும். தெலுங்கில் பிரயாணம் என்று கேட்டாலும் நிலைமை இதுவே. ஆனால் முந்தைய நாள் அவர் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பியிருக்கிறார். பால் வாங்கி வந்திருக்கிறார். ரேஷன் கடைக்குப் போய் வந்திருக்கிறார். போவதும் வருவதும் தனித்தனி என்பது துறையின் இலக்கணம். அதன்படி ஆறு பயணங்கள். படிவத்தில் பதிவாவதோ சுழியம்.

பயண உருவாக்கம், பகிர்வு, ஊர்தித் தேர்வு, வழி ஒதுக்கீடு என்னும் நான்கு படிகளில் முதற்படியிலேயே இந்தச் சுழியம் புகுந்துவிடுகிறது. அதன்பின் எத்தகைய மென்பொருளாலும் அதைத் திருத்த இயலாது. அந்தத் தெருவில் நடப்போர் இல்லை என்றாகும், நடைபாதைக்குத் தேவை இல்லை என்றாகும், சாலை அகலமாக்கப்படும். குறுந்தொலைவு நடை குறைவாகவே பதிவாகிறது என்பது உலகெங்கும் ஆய்வாளர் அறிந்த குறை. அதை ஈடுகட்டத் திறன்பேசியின் இருப்பிடத் தரவை நாடுகின்றனர். வீட்டின் ஒரே திறன்பேசி கணவரின் சட்டைப்பையில் இருந்தால் அந்தத் தரவும் அந்த அம்மாவைக் காணாது.

“காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை வாசற்படி தாண்டி எங்கெங்கே போனீர்கள்? எதற்காக?” என்று கேட்டிருந்தால் ஆறும் வந்திருக்கும். இத்தகைய கேள்வியைத் தமிழிலும் தெலுங்கிலும், உருதும் கன்னடமும் பேசும் வீடுகளில் அந்தந்த மொழியிலும், வழக்கறிந்து அமைப்பது மொழிபெயர்ப்பு வேலையன்று, அது களமொழியியல்.

இதற்கான வாய்ப்பு இம்மண்ணிலேயே இருக்கிறது. திராவிட மொழிகளுக்கென 1997இல் குப்பத்தில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி. ஏர்ப்பேட்டில் இயங்குகிறது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகும்வரை இரண்டு ஊர்களும் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தன. ஒரு பருவம் மட்டும், அங்கிருந்து ஒரு மொழி மாணவரும் இங்கிருந்து ஒரு பொறியியல் மாணவரும் சேர்ந்து ஒரே தெருவில் இரண்டு படிவங்களையும் கேட்டுப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையே எத்தனை நடைகள் கூடுகின்றன என்று எண்ணுவதே ஒரு நல்ல முதுகலை ஆய்வேடாகும்.