தட்டையான கோடு

மூணு வருஷமாக நான் செய்யும் வேலையை வீட்டில் “பேட்டரிக்குப் பூச்சு அடிக்கிறா” என்றுதான் சொல்வார்கள். தப்பில்லை. ஆர்கான் நிரப்பிய க்ளவ் பாக்ஸுக்குள் கையை நுழைத்து, லித்தியம் தகட்டின்மேல் பாலிமரும் லித்தியம் ஃபுளோரைடும் கலந்த மெல்லிய படலத்தைப் பூசுவதுதான் என் ஆராய்ச்சி.

ஏன் இந்தப் பாடு? ஒரு கிராம் லித்தியம் 3860 மில்லிஆம்பியர்-மணி தரும். நம் போனுக்குள் இருக்கும் கிராஃபைட் 372தான். ஆனால் லித்தியம் சும்மா இருக்காது. மின்பகு திரவம் பட்டதுமே வினைபுரிந்து, தன்மேல் ஒரு தோலைப் போட்டுக்கொள்ளும். 1979ல் இமானுவேல் பெலெட் இந்தத் தோலுக்குப் பெயர் வைத்து விளக்கினார். சார்ஜ் ஏறும்போது உலோகம் உப்பும், இறங்கும்போது வற்றும். தோல் கிழியும். கிழிசல் வழியாக லித்தியம் ஊசியாகவும் பாசியாகவும் முளைத்து, எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட். 1989ல் கனடாவின் மோலி எனர்ஜி தயாரித்த லித்தியம் உலோக பேட்டரிகள் தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டன. 1991ல் சோனி கார்பன் ஆனோடோடு சந்தைக்கு வந்தது. லித்தியம் உலோகம் ஓரங்கட்டப்பட்டது.

என் பூச்சு, உலோகம் உப்பும்போது கிழியாமல் கூடவே நீள வேண்டும். அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு காயின் செல், இரண்டு பக்கமும் லித்தியம் வைத்தது, 600 மணி நேரம் ஓடியது. மெல்ல ஏறிக்கொண்டே வந்த மின்னழுத்தம் 400 மணிக்குப் பிறகு சட்டென்று இறங்கி, தட்டையாக நின்றுவிட்டது. பூச்சு பக்குவப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். வரைபடத்தைப் பார்த்து சார், “சூப்பர்மா, பேப்பர் எழுத ஆரம்பி” என்றார். அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

லேப் சீனியர் அக்கா மட்டும் கேட்டார்: “ஏன்டி இறங்குச்சு? இம்பீடன்ஸ் எடுத்தியா?”

எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. இரண்டு நாள் தள்ளிப்போட்டு எடுத்தேன். இருக்க வேண்டிய அரைவட்டம் காணவில்லை. மின்னோட்டம் பெரும்பாலும் அயனி வழியே போகவில்லை; முளைத்த உலோக இழை வழியே நேராகப் போய்க்கொண்டிருந்தது. 200 மணி நேரமாக ஷார்ட்டாகிக் கிடந்த செல்லை, நன்றாக இருக்கிறது என்று படித்திருக்கிறேன். பிரித்துப் பார்த்தால் பூச்சில் விரிசல். ஃபுளோரைடு அதிகமாகி விறைத்துப் போயிருந்தது.

சாரிடம் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மத்த செல்லு?”

“மூணுமே அப்படித்தான் சார்.”

“சரி. பேப்பரை நிறுத்து. விரிசல் எங்க ஆரம்பிச்சுதுன்னு பாரு.”

அம்மாவிடம்தான் சொல்லக் கஷ்டமாக இருந்தது. “அப்போ இத்தனை நாளும் ஓடலையா?” என்றாள். “ஓடுச்சும்மா. நான்தான் சரியாப் பாக்கல.”

இப்போது ஃபுளோரைடைக் குறைத்து, இன்னும் மென்மையான பூச்சு. 90 மணி நேரம் ஆகியிருக்கிறது. கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. தினமும் காலையில் இம்பீடன்ஸ் எடுக்கிறேன். அரைவட்டம் இருக்கிறது.