கொடியில் இருக்கும் பச்சைக் கோட்டின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

சுதந்திர தினம் நெருங்கிவிட்டது. பிள்ளைகள் வீட்டில் தேசியக் கொடி வரையும் நாட்கள். சிங்கத்தை எப்படியோ வரைந்துவிடுவார்கள். அதிகம் பிழைப்பது கோடுகளில்தான். கம்பத்துப் பக்கம் முதலில் வருவது பச்சை, அடுத்தது செம்மஞ்சள். பலர் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

போன வருடம் தரம் 7 பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "டீச்சர், எங்கட பச்சயும் தமிழாக்கள்ட செம்மஞ்சளும் மட்டும் ஏன் சிங்கத்துட பெட்டிக்கு வெளிய ஈக்கிது?"

நல்ல கேள்வி. பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். சிலர் இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்வார்கள்: "சிங்கம் வாளத் தூக்கி எங்களத்தானே பாத்துக்கொண்டு நிக்கிது." இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் கண்டி நகரத்துக்குத்தான் வர வேண்டும்.

1815 மார்ச் 2. தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கும் மகுல் மடுவவில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. கண்டி அரசு முடிந்தது, பிரித்தானியக் கொடி ஏறியது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். அவனுடைய சிங்கக் கொடி இங்கிலாந்துக்குப் போனது. அந்த மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி. தென்னிந்திய நாயக்கர் பரம்பரையில் வந்தவன். சிங்கக் கொடியின் கீழ் கடைசியாக ஆண்டவன் அவன்தான் என்பதைப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும்.

கொடி லண்டனில் செல்சி இராணுவ ஓய்வாளர் இல்லத்தில் கிடந்தது. அதைத் தேடிக் கண்டவர் ஈ. டபிள்யூ. பெரேரா. கண்டி வீழ்ந்து நூறு வருடம் நிறைந்த 1915இல் தினமின பத்திரிகை அதன் படத்தை வெளியிட்டது. மக்கள் அந்தக் கொடியை மீண்டும் கண்டது அப்போதுதான். அதே 1915 மே மாதக் கடைசியில் இதே கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் தொடங்கி, நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது. எங்கள் மூத்தவர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள்.

1948 ஜனவரி 16. சுதந்திரத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. கண்டி மன்னனின் சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் யார் தெரியுமா? மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. ஒரு முஸ்லிம். கலவரம் நடந்து 33 வருடம்தான் ஆகியிருந்தது. சிங்கம் இன்னொருவரின் சின்னம் என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை.

மட்டக்களப்புக்கும் கண்டிக்கும் இதில் ஒரு பழைய உறவும் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது இடம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத். அவர்களில் பெரும்பகுதியினரை அவன் குடியமர்த்தியது மட்டக்களப்புப் பக்கத்தில்.

பிரேரணை இலகுவாக முடியவில்லை. சிங்கம் மட்டும் இருந்தால் மற்றவர்களின் இடம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க ஒரு குழு அமைத்தார். தலைவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. உறுப்பினர்கள் சேர் ஜோன் கொத்தலாவல, ஜே. ஆர். ஜயவர்தன, எல். ஏ. ராஜபக்ஷ, ஜி. ஜி. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன், ரி. பி. ஜாயா. கலகெதரவில் பிறந்த ஜாயா எங்கள் மாவட்டத்து மகன். ஆனந்தா கல்லூரியில் படிப்பித்து, பிறகு கொழும்பு சாஹிராவைக் கட்டியெழுப்பிய அதிபர். ஓர் ஆசிரியர் அந்த மேசையில் இருந்தார் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

1950இல் குழு அறிக்கை தந்தது. முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழர்களுக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு கோடுகள் சேர்ந்தன. செனட்டர் நடேசன் உடன்படவில்லை. இந்த வடிவம் தேசிய ஒற்றுமையைக் காட்டாது என்பது அவர் வாதம். 1951 மார்ச் 2 அன்று பாராளுமன்றம் கொடியை ஏற்றது. கண்டி ஒப்பந்தத்தின் அதே திகதி. மூலைகளில் அரச இலைகள் வந்தது 1972இல். மெத்தா, கருணா, முதிதா, உபேக்ஷா என்ற நான்கு நற்குணங்களை அவை குறிக்கின்றன.

வாள் விடயத்துக்கு வருவோம். கோடுகள் சேரும் முன்பு, 1948இல் ஏறிய கொடியிலும் சிங்கம் கம்பத்துப் பக்கம்தான் பார்த்தது. கொடியில் வரும் மிருகத்தைக் கம்பத்தைப் பார்த்தபடி வரைவது பழைய மரபு. வேல்ஸ் நாட்டுக் கொடியின் டிராகனும் அப்படித்தான். ஆகவே அந்த வாள் எங்களுக்கு எதிராகத் தூக்கியது என்ற கதைக்கு ஆதாரம் இல்லை.

ஆனால் பெட்டிக்கு வெளியே ஏன் என்ற கேள்விக்கு அப்படிச் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது. நடேசன் அன்று எழுப்பிய சந்தேகம் இன்றும் தீரவில்லை. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணை என்று எங்கள் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ட பிள்ளையிடம் "எல்லாம் சரி, நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம்" என்று மட்டும் சொன்னால் அது நம்பாது. கோடுகளே இல்லாத சிங்கக் கொடியோடு ஆர்ப்பாட்டம் செய்தவர்களையும் 2015இல் பார்த்தோம். வெளியே இருப்பதை வெட்டுவது இலகு என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரையும் இரண்டாம் அட்டவணையும் சொல்லும் தேசியக் கொடி இரண்டு கோடுகளோடும் சேர்ந்ததுதான். அந்த உறுப்புரையை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் வேண்டும், மக்கள் தீர்ப்பும் வேண்டும்.

நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது இதுதான்: பச்சைக் கோடு எங்களுக்கு யாரும் இரங்கித் தந்த இடம் இல்லை. இந்தக் கொடி வேண்டும் என்று முதலில் கேட்டவர்களில் நாங்களும் இருக்கிறோம். அதன் வடிவத்தைத் தீர்மானித்த மேசையிலும் இருந்தோம். கேட்டு வாங்கிய கொடி என்பதால் அதை மதிக்க வேண்டும். அதே உரிமையோடு, "இந்த இடம் போதுமா?" என்றும் கேட்கலாம். சொந்த வீட்டில்தானே குறை சொல்வோம், விருந்துக்குப் போன வீட்டில் சொல்வோமா?

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கொடி வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து சின்னலெப்பையையும் ஜாயாவையும் நடேசனையும் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு சிங்களப் பிள்ளையும் கூட இருந்தால் அதற்கும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கும் இது தெரிய வேண்டும்.

பிரயோசனமாக இருந்தால் பகிர்ந்துகொள்ளுங்கள்.