குறத்தியை யார் ஆடுவது?

அழிந்த கலையை மீட்டோம் என்னும் சொல் செவிக்கு இனிக்கிறது. யாரிடமிருந்து மீட்டீர்கள் என்று கேட்டால் கசக்கிறது!

திரிகூட ராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாடிய நூல் திருக்குற்றாலக் குறவஞ்சி. குற்றாலநாதர்மேல் காதல்கொண்ட வசந்தவல்லிக்குக் குறத்தி குறி சொல்கிறாள். அக்குறத்தியைத் தேடிச் சிங்கன் அலைகிறான். இத்தகைய குறவஞ்சிகளுக்குக் காலால் உயிர் கொடுத்தவர் யார்? தேவரடியார் குலப் பெண்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை ஆடியவர்களும் அவர்களே. ஆடலைக் கண்டு களித்த ஊர், ஆடியவளை இழித்துப் பேசிற்று.

பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை’ எழுதினார். 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம், விலங்கு ஒடிந்தது.

அக்காலத்திலேயே சதிர் ‘பரதநாட்டியம்’ ஆயிற்று. உருசிய பாலே நங்கை அன்னா பாவ்லோவா தம் நாட்டு ஆடலை நாடுமாறு தூண்ட, ருக்மிணி தேவி சதிர் பயின்று 1935இல் மேடையேறினார். 1944இல் அவருடைய கலாக்ஷேத்ரா குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றியது. அதற்குத் துணைநின்றவர் தேவரடியார் மரபில் வந்த காரைக்கால் சாரதாம்பாள். மறுமலர்ச்சி என்று நாடு போற்றிற்று. மலரைப் பாடிய நாவுகளில் எத்தனை, வேரின் பெயரைச் சொல்லின?

மதுக்கரையில் நம் படிப்பக ஆண்டு விழாவுக்கு இக்குறவஞ்சியை ஆடலாம் என்று பேச்செழுந்தபோது, “குறி சொல்பவளுக்குப் பகுத்தறிவாளர் மேடையா?” என்று தோழர் ஒருவர் சீறினார். நியாயமான கேள்வி. கைரேகையில் வருங்காலம் இல்லை. அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் செல்வமகள் முன்னே கூசாமல் நின்று, தன் மலையின் வளத்தை நிமிர்ந்து பாடும் அந்த ஏழைப் பெண்ணின் பெருமிதம் பொய்யன்று. சிமெண்டு ஆலைப் புகைக்கிடையே வாளையாற்று மலைகளைப் பார்த்து வளரும் நம் பெண்களுக்கு அப்பெருமிதம் வேண்டும்.

ஆகவே ஆடுவோம், தோழர்களே! ஆனால் இரு நிபந்தனைகள். திரை விலகுமுன், இக்கலையைக் காத்த பெண்களின் வரலாறு அவையில் உரைக்கப்பட வேண்டும். குறத்தி வேடம் ஏற்க விரும்பும் எந்தத் தெருவின் பெண்ணுக்கும், குலம் கேளாமல், கட்டணம் வாங்காமல் ஆடல் கற்பிக்கப்பட வேண்டும். கலையை மீட்பது பெரிதன்று. அதைப் பொதுவாக்குவதே பெரிது.