விளக்குத்தூண் அருகே நாற்பது ரூபாய்

ரமலான் பிறை இருபதைத் தாண்டிவிட்டால் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் நம் வீடுகளில் ஒரே கேள்விதான் எழும்: "மதுரைக்கு என்றைக்குப் போகிறோம்?" மழையை நம்பிப் பருத்தியும் மிளகாயும் மல்லியும் விதைக்கும் வானம் பார்த்த பூமி நம்முடையது. குண்டாற்றில் தண்ணீர் ஓடிய நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட மண்ணில் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு, காரியாபட்டி வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம் செய்து, பெருநாள் உடுப்பு வாங்கச் செல்வது பல ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தின் வழக்கம்.

மதுரைக் கடைவீதிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கோயிலைச் சுற்றி ஆவணி மூல வீதிகள், அவற்றுக்கு வெளியே மாசி வீதிகள் எனத் தமிழ் மாதங்களின் பெயரால் அமைந்த சதுரங்கள் அவை. நகை வேண்டுவோர் தெற்காவணி மூல வீதிக்குச் செல்வர். மளிகையை மொத்த விலைக்கு வாங்குவோர் கீழமாசி வீதியை நாடுவர். துணிக்கு விளக்குத்தூண் பகுதியும் பத்துத்தூண் சந்தும். கோட்டைச் சுவரை இடித்து நகரை விரிவாக்கிய ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்தப்பட்டதே அந்த விளக்குத்தூண். 2005ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலைகளை மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் பார்த்துப் பார்த்து வாங்கலாம். தையற்காரர்களுக்குப் பெயர்பெற்றிருந்த புதுமண்டபத்துக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. தொழுகை நேரம் வந்துவிட்டால், பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே காஜிமார் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது.

இவையெல்லாம் எங்களுக்கு அத்தா கற்றுத் தந்த வழிகள். ஆனால், அத்தா கற்றுத் தந்தவற்றுள் பெரியது எந்த வீதி என்பதன்று. அதை நாங்கள் கற்றுக்கொண்டது அவருடன் சென்ற கடைசிப் பயணத்தில்.

அவ்வாண்டு நோன்பு இருபத்து நான்கு. அஸர் தொழுதுவிட்டு, குளிரூட்டப்பட்ட ஒரு பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தோம். அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தோம். விலைச்சீட்டில் 2,800 ரூபாய் என்றிருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் பணத்தைக் கட்டினோம். வெளியே வந்தால், நடைபாதையில் சாக்கை விரித்து ஒரு மூதாட்டி சிறுமியருக்கான பூப்போட்ட பாவாடைகளை விற்றுக்கொண்டிருந்தார். ஒன்று 160 ரூபாய் என்றார். நாங்கள் நூறில் தொடங்கினோம். தையலைக் குறை சொன்னோம். வேண்டாமென்று நான்கு எட்டு நடந்து, அவர் கூப்பிட்டதும் திரும்பி வந்தோம். கடைசியில் 120 ரூபாய்க்கு முடிந்தது. நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்ததில் எங்களுக்கு உள்ளூர ஒரு பெருமிதம்.

அந்த நேரத்தில் மஃரிப் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழப் பொட்டலம் எந்தப் பைக்குள் இருக்கிறதென்று தெரியவில்லை. அத்தனை பைகள்! ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தோம். அந்த மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதில் நான்கு பேரீச்சம்பழங்கள் இருந்தன. மூன்றை எங்களிடம் நீட்டி, "முதல்ல நோன்பைத் திறங்க, தாயி. அப்புறம் தேடிக்கலாம்" என்றார். ஒன்றைத் தம் வாயில் இட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரையும் எங்கள் பக்கம் நகர்த்தினார். அந்தப் பழம் தொண்டையில் இறங்க வெகுநேரம் பிடித்தது.

திரும்பும் வழியில் அத்தா கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தக் கடையில நீங்க வாயே திறக்கலையே. இந்த அம்மாகிட்ட மட்டும் ஏன்பா இவ்வளவு நேரம் பேசினீங்க?" பதில் சொல்ல எங்களுக்கு வாயெழவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது பள்ளிவாசலில் தராவீஹ் முடிந்து விளக்குகளை அணைத்திருந்தார்கள். அது இருபத்தைந்தாம் இரவு. லைலத்துல் கத்ரைத் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஒற்றைப்படை இரவுகளுள் ஒன்று. அந்தக் கடைசிப் பத்து நாள்களில் பெருமானார் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருப்பார்கள். நாங்களோ அவ்விரவைக் கடைகளிலும் பேருந்திலும் கழித்திருந்தோம்.

கடைவீதியை மார்க்கம் வெறுத்து ஒதுக்கவில்லை. மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்சாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறதென்று மட்டும் கேட்டார்கள் அந்த நபித்தோழர். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தம் காலிலேயே நின்றார்கள். ஆயினும், இடங்களுள் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவை பள்ளிவாசல்கள், மிக வெறுப்பானவை கடைவீதிகள் என்ற நபிமொழியும் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மனிதன் தன்னை மறக்கும் இடம் அது என்பதை அன்று மாலை நாங்கள் உணர்ந்தோம்.

பேரம் பேசுவதும் தடுக்கப்பட்டதன்று. நபி (ஸல்) அவர்களே ஒரு பயணத்தில் ஜாபிர் (ரலி) அவர்களின் களைத்த ஒட்டகத்துக்கு விலை பேசி வாங்கினார்கள். மதீனா வந்து சேரும்வரை அதில் ஏறிவர ஜாபிருக்கு இசைவும் தந்தார்கள். ஊர் வந்ததும் பேசிய விலையைக் கொடுத்தார்கள். பின்னர் ஒட்டகத்தையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். பேரத்தின் முடிவில் எளியவரின் கை நிறைந்திருந்தது. எங்கள் பேரத்தின் முடிவிலோ எளியவரின் கைதான் குறைந்திருந்தது. அவர் நோன்பாளி என்று தெரிந்ததால் வந்த வெட்கம் மட்டுமன்று இது. எந்தச் சமயத்தவராக இருந்திருந்தாலும் அந்த நாற்பது ரூபாய் அவருடைய இரவு உணவாக இருந்திருக்கும்.

அடுத்த ரமலானுக்கு அத்தா இல்லை. அல்லாஹ் அவர்களுக்கு மறுமையில் உயர்ந்த இடத்தைத் தருவானாக. அவர்களை நினைத்து, ஷஃபான் மாதத்திலேயே மதுரைக்குப் புறப்பட்டோம். சுப்ஹு தொழுததும் முதல் பேருந்து. கூட்டம் இல்லை, பதற்றமும் இல்லை. லுஹருக்குக் காஜிமார் பள்ளியில் ஜமாஅத்தோடு தொழவும் முடிந்தது. விளக்குத்தூண் அருகே அந்த மூதாட்டியைத் தேடினோம். அவ்விடத்தில் வேறொருவர் கைக்குட்டை விற்றுக்கொண்டிருந்தார். "அவங்க இப்ப வர்றதில்லை" என்றார். அந்த நாற்பது ரூபாயைப் பலமுறை ஸதகாவாகக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் அவர் கையில் கொடுக்காத காசு கொடுத்ததாகாது என்று உள்ளம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

அவ்வாண்டு அம்மாவுக்கான சேலையை மதுரையில் வாங்கவில்லை. தறிச் சத்தத்தில் விழித்தெழும் ஊர் நம் அருப்புக்கோட்டை. பக்கத்துத் தெருவில் நெய்த பருத்திச் சேலையை நெய்தவரிடமே வாங்கினோம். அவர் சொன்ன விலையைக் கொடுத்தோம். அம்மா அதைத்தான் பெருநாள் தொழுகைக்கு உடுத்தினார்கள்.

இவ்வாண்டும் மதுரைக்குச் செல்வோம், இன்ஷா அல்லாஹ். நீங்களும் செல்வீர்கள். கடைசிப் பத்து வருமுன் சென்று வாருங்கள். உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரிலேயே வாங்குங்கள். பேரம் பேசத்தான் வேண்டுமென்றால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே பேசிப் பாருங்கள். சாக்கு விரித்து அமர்ந்திருப்பவரிடம் சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள். விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மையோடு நடப்பவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் அருள் வேண்டியிருக்கிறார்கள். அந்த துஆவில் நமக்கும் பங்கு கிடைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.