நைசு மாவு

"இடியாப்பத்துக்குங்கண்ணா, நல்லா நைசா" என்று தூக்குப்போசியை நீட்டுவார்கள். கல்லிரண்டையும் நெருக்கி வைத்தால் மாவு சூடாகக் கொட்டும். விரலிடுக்கில் தேய்த்து, குருணை தட்டாவிட்டால் சரி. அந்த நைசுதான் அரைப்பவன் நெஞ்சுக்கு ஆகாதது. ரவையாக விழுவது தரையோடு போகும். 10 மைக்ரானுக்கும் குறைந்து, கண்ணுக்குத் தெரியாமல் மிதப்பது மூச்சோடு ஆழமாக இறங்கும்.

மில்லில் எல்லாரும் மிளகாய்க்குத்தான் பயப்படுவார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு அரைத்துவிட்டு, அவிழ்த்துப் போட்டுக் கோதுமையைக் கொட்டுவார்கள். என்னைக் கேட்டால் கோதுமைக்குத்தான் பயப்பட வேண்டும். மிளகாய் அப்போதே தும்ம வைத்து ஆளை வெளியே துரத்திவிடும். கோதுமை மாவு வருஷக்கணக்காக ஒன்றும் செய்யாது. அதன் புரதம் ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனபின் கொஞ்சம் தூசி பட்டாலே இளைப்புதான். அதுவும் பல பேருக்கு மில்லில் வராது, ராத்திரி படுத்தபின் வரும். பழி பனிமேல் போகும். மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் நெஞ்சு லேசாக இருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்ல வேண்டும். குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையையும் கேட்டு வாங்க வேண்டும்.

புதுச் சங்கதி இல்லை இது. இத்தாலிய வைத்தியர் ராமசினி 1700-லேயே தொழில்நோய்கள் பற்றிய நூலில் தானியம் சலிப்பவர்களையும் அளப்பவர்களையும் சேர்த்திருந்தார். நம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசியைக் கிளம்பும் இடத்திலேயே இழுத்து வெளியேற்றச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டப்படி, மோட்டார் ஓடும் இடமானாலும் 10 பேராவது வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலையாக எண்ணப்பட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஓட்டும் மில்லுக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்?

அரைக்கும்போதைவிட, மாவு விழும் துணிக்குழாயை உதறும்போதும் சாயங்காலம் கூட்டும்போதும்தான் தூசி மொத்தமாகக் கிளம்புகிறது. கல் கொத்தும்போது பறப்பதோ கல்பொடி. அதற்குத் துண்டு போதாது, என்-95 முகமூடி வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்வது சுலபம். எங்கள் ஊர் இளம்பிள்ளையில் சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஓடும். சேலைப் பாவில் மாவு படிந்தால் தறிக்காரர் சும்மா விடுவாரா? ஃபேனைத் தெருப்பக்கம் வைத்து, வெளிவாயில் காடாத்துணிப் பை கட்டியிருக்கிறேன். பை அடைத்துக்கொண்டால் ஃபேன் இழுக்காது. மாற்றுப்பை வைத்துக்கொண்டு, கழற்றியதை உதறாமல் அப்படியே தண்ணீரில் முக்கிவிடுகிறோம்.